கால்மாட்டு வெப்பம்

ஜூன் 12, வியாழன். விடியுமுன் மாவட்ட மருத்துவமனையில் மனைவி காலமானார். காரணம், மூளையில் இரத்தக் கசிவு. வயது அறுபத்தெட்டு.

காலை ஒன்பது மணியளவில் உடல் புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. டப்ளினில் வேலை பார்க்கும் மகளுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. அவளுக்குக் கிடைத்த விமானம் சனிக்கிழமை காலையில் வந்து சேரும்.

கோயில் மண்டபத்திலிருந்து குளிர்ப்பெட்டி வந்தது. உடல் தலை தெற்காக வைக்கப்பட்டது. நண்பகலில் பெட்டியின் உள் வெப்பநிலை 4 டிகிரி. பிற்பகல் மூன்று மணிக்கு 11 டிகிரி.

ஜூன் 14, சனி. மகள் வந்தாள். பிற்பகல் தகனம்.

நடந்தவை இவ்வளவே. இவற்றுள் ஒன்றைத் தவிர மற்றவை எந்த வீட்டிலும் நடக்கக்கூடியவை. நான்கு எவ்வாறு பதினொன்றாயிற்று என்பதைப் பற்றி மட்டுமே எழுத எண்ணுகிறேன். மற்றவற்றைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.

இறந்தபின் தன் உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றக் கூடாது என்று அவள் ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருந்தாள். உறவினர் ஒருவரின் சாவுக்குப் போய்வந்த ஒரு மாலையில் அதை முதலில் சொன்னாள். அந்த முகம் மெழுகு போல் இருந்தது, யாரோ போல் இருந்தது என்றாள். ஆகவே மருந்து ஏற்றுவோரை நான் அழைக்கவில்லை. மகளோ தொலைபேசியில் ஒன்றைத்தான் கேட்டாள்.

“அப்பா, நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுத்துராதீங்க. முகத்த ஒரு தடவ பார்க்கணும்பா.”

“பார்க்கலாம்” என்றேன்.

இந்த நாட்டு வெயிலில், முப்பத்திரண்டு டிகிரிக் கூடத்தில், இரண்டு பகல் இரண்டு இரவு அந்த ஒற்றைச் சொல்லைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் அந்தப் பெட்டியிடம் இருந்தது.

பெட்டியை லோரியில் ஏற்றி வந்தவர் கோயில் மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர். நாற்பது வயதிருக்கும். சாவு வீடுகளுக்குப் பழகியவர் என்பதால் குரலைத் தாழ்த்தத் தெரிந்தவர். ஆனால் வெகுநேரம் தாழ்த்தி வைத்திருக்கத் தெரியாதவர். வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அவர் சொல்லியது உள்ளே எனக்குக் கேட்டது.

“நல்ல பெட்டிண்ணே. போன மாசம் சுங்கை பெசார்ல மூணு நாள் ஓடுச்சு, ஒண்ணும் ஆவல. இதுல படுத்தவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் கொற சொன்னதில்ல லா.”

இரண்டொருவர் சிரித்து, உடனே சிரிப்பை விழுங்கினார்கள். எனக்கு வருத்தம் உண்டாகவில்லை. காலையிலிருந்து கேட்டவற்றுள் சுற்றிவளைக்காத பேச்சு அது ஒன்றுதான்.

பெட்டி ஆளுயர நீளமுள்ளது. மேல் மூடி கண்ணாடி. இயந்திரப் பகுதி முழுவதும் ஒரே முனையில், கால்மாட்டில், தகரக் கூட்டுக்குள் இருக்கிறது. கூட்டின் பின்புறத்தில் சன்னல் அளவுக்கு ஒரு கம்பிச் சட்டம். தலை தெற்கு என்றால் கால் வடக்கு, வடக்கே சுவர். தலையருகில் விளக்கு வைத்தார்கள். கால்மாட்டில் எல்லோரும் வந்து தொட்டு வணங்கினார்கள். மாலை கொண்டுவந்தவர்கள் அங்கேயே சாத்தினார்கள்.

அவள் இந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்தவள். மாலைகள் வந்துகொண்டே இருந்தன.

குளிர்பதனப் பொறியியலையும் வெப்ப இயக்கவியலையும் பல்கலைக்கழகத்தில் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் நாளில் ஒன்றைச் சொல்வது வழக்கம்: குளிர் என்று ஒரு பொருள் உலகில் இல்லை; வெப்பம் ஓரிடத்தில் குறைந்திருப்பதற்கு நாம் இட்ட பெயர் அது. எந்த இயந்திரமும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெப்பமோ மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். ஆகவே குழாய்க்குள் ஓடும் பொருளுக்கு இரண்டு வெப்பநிலைகள் வேண்டும். உள்சுருளில் அது பெட்டியைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் கொதித்து ஆவியாக வேண்டும். அப்போதுதான் பெட்டியின் வெப்பம் அதற்குள் இறங்கும். வெளிச்சுருளில் அது அறையைவிட உயர்ந்த வெப்பநிலையில் மீண்டும் திரவமாக வேண்டும். அப்போதுதான் சுமந்துவந்ததை அறைக்குள் இறக்கிவைக்க முடியும். இரண்டில் எந்தப் பள்ளம் தூர்ந்தாலும் ஓட்டம் நிற்கும்.

சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அடியில் நீலச் சுடர்; மேலே பனிக்கட்டி. தோட்டக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தந்தையுடன் ஏதோ வேலையாகப் போனபோது அதைக் கண்டேன். தீ எப்படிப் பனியைச் செய்கிறது என்று கேட்டேன். “துரை வீட்டில் எதுவும் நடக்கும்” என்பது தந்தையின் விடை. அந்த விடை போதாமல்தான் நான் படிக்கப் போனேன் என்று பிற்காலத்தில் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள்.

பிற்பகலில் மனைவியின் தம்பி என் அருகில் வந்து குனிந்தார். தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவர்.

“அத்தான், நம்பர் ஏறுது. மத்தியானம் நாலு இருந்துச்சு. இப்ப பதினொண்ணு.”

எழுந்து போய்ப் பார்த்தேன். பதினொன்றுதான். பெட்டிக்காரரும் வந்தார். மேலிருந்த எண்ணை விரலால் தட்டினார், தட்டினால் அது இறங்கும் என்பதுபோல.

“கேஸ் கொறஞ்சிருக்கும் சார். நமக்குத் தெரிஞ்ச ஏர்கோன் ஆளு ஒருத்தன் இருக்கான். போன் அடிச்சா ஒரு மணி நேரத்துல வந்து ஏத்திட்டுப் போயிருவான்.”

“உடனே வரச் சொல்லுங்க” என்றார் மைத்துனர்.

“கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒருவர் நுழைய இடமில்லை. பக்கவாட்டில் முழந்தாளிட்டு, தகரக் கூட்டின் சிறு கதவைத் திறந்து கையை விட்டேன். உள்ளேயிருந்து திரும்பிவரும் பருத்த குழாய் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். அது உலர்ந்து, வெறும் தண்ணென்று இருந்தது. வெளிச்சுருளிலிருந்து திரவம் வெளியேறும் மெல்லிய குழாய் கையில் பிடித்துக்கொண்டிருக்கக்கூடிய சூட்டில் இருக்க வேண்டும். தொட்ட விரலை உடனே எடுத்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து முனை நீண்ட வெப்பமானியை எடுத்துவந்து சுருளின் நடு வளைவில் வைத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு. அந்த அறைக்கு நாற்பத்தைந்தை ஒட்டி இருப்பதே முறை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பொருளை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரஸர் ஒரு ‘டக்’ ஓசையுடன் நின்றது. சூடு தாங்காமல் தானே நின்று, ஆறியபின் தானே ஓடி, மீண்டும் நிற்கிறது. அது நிற்கும் நேரமெல்லாம் எண் ஏறுகிறது.

குழாய்க்குள் ஓடும் அந்தப் பொருளைத்தான் கேஸ் என்கிறார்கள். அது குறைந்திருந்தால் வெளிச்சுருளுக்குக் கொட்ட வெப்பமே இருக்காது. அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இங்கே சுமை வந்துகொண்டிருக்கிறது, இறக்கத்தான் வழியில்லை. இந்த நிலையில் மேலும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் உயரும். கம்ப்ரஸர் கருகினால் சனிக்கிழமை வரை வேறு பெட்டி தேட வேண்டியிருக்கும். குவாலா சிலாங்கூரில் அன்று வேறு பெட்டி இல்லை என்பதைக் காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

“கேஸ் வேண்டாம். கேஸ் கொறஞ்சிருந்தா இந்தப் பைப் இவ்வளவு சுடாது.”

“சார், எல்லாப் பெட்டிக்கும் கேஸ்தான் சார். ஏத்துனா எறங்கிரும்.”

“ஏத்துனா பெட்டி போயிரும்.”

மைத்துனர் என் தோளில் கைவைத்தார். “அத்தான், நீங்க போய் அக்கா பக்கத்துல உட்காருங்க. இன்னைக்கு ஒரு நாளாவது வாத்தியாரா இருக்காதீங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. பின்னால் பாயில் அமர்ந்திருந்த பெண்களுள் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதிலும் கோபம் இல்லை.

“ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாரு. பொண்டாட்டி கெடக்கறா, மனுசன் பைப்பத் தடவிக்கிட்டு இருக்காரு.”

அது உண்மை. குழாயைத் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

காரணத்தைக் காண வெப்பமானி தேவைப்படவில்லை. சன்னல் போன்ற அந்தக் கம்பிச் சட்டத்தின் மேல் மாலைகள் வந்து தொங்கிக்கொண்டிருந்தன. சாமந்தி, சம்பங்கி, ரோஜா, இடையிடையே சரிகைத் தாள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாங்கி வந்த, ஆள்கனமுள்ள மாலை ஒன்று சட்டத்தை முழுவதும் மூடியிருந்தது. அதன்மேல் ஒரு சங்கத்தார் போர்த்திய பொன்னாடை. விசிறி காற்றை உறிஞ்சியபோதெல்லாம் இதழ்கள் உள்ளே போய்ச் சுருளின் மெல்லிய தகடுகளுக்கிடையில் அப்பியிருந்தன. முப்பது ஆண்டுகளாகப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்கு அவர்கள் செய்த மரியாதை, அவளுடைய வெப்பம் வெளியே போகும் ஒரே வாயிலை அடைத்துக்கொண்டிருந்தது.

பொன்னாடையின் விளிம்பைப் பிடித்தேன். “தம்பி” என்று ஒரு குரல் கேட்டது.

மனைவியின் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். அன்று அந்த வீட்டில் எது செய்யலாம், எது செய்யலாகாது என்பதை அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

“சாத்துன மாலைய எடுக்கக் கூடாது.”

“எல்லாத்தையும் இல்லக்கா. பின்பக்கம் தொங்கறத மட்டும்.”

“பின்னாலயோ முன்னாலயோ, எடுக்கறது எடுக்கறதுதான். அவளுக்கு வந்த மரியாதைய வேணாம்னு திருப்பிவிடுவீங்களா?”

“அப்ப பெட்டியத் திருப்பி வச்சுக்கலாமா?” என்று மைத்துனர் கேட்டார்.

“தெக்க வச்ச தலைய எங்கடா திருப்புவ? வடக்கயா? நல்லா இருக்குடா ஒன் யோசன. படிச்சவன் மாதிரி பேசு.”

பெட்டிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். கம்ப்ரஸர் மீண்டும் ஓடத் தொடங்கி, சற்று நேரத்தில் மீண்டும் நின்றது. எண் பன்னிரண்டாயிற்று.

அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் விளக்கிய ஒன்றை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தாழ்ந்த வெப்பநிலை, உயர்ந்த வெப்பநிலை என்று தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். பிறகு அவருடைய கையைப் பிடித்து மாலைக்குப் பின்னால், கம்பிச் சட்டத்தருகில் கொண்டுபோனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“என்னா தம்பி இது, அடுப்பு மாதிரி இருக்கு?”

“அவ உடம்புச் சூடு. உள்ள இருந்து வருது. வெளிய போக வழியில்லாம நிக்குது.”

இப்படிச் சொல்வது இயற்பியலில் முழுச் சரியன்று. மோட்டாரின் சூடும் கூடத்தின் சூடும் அதில் கலந்திருந்தன. ஆனால் தவறும் அன்று.

அவர் தலைமாட்டுக்குப் போனார். தங்கையின் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு பாயில் இருந்த பெண்களின் பக்கம் திரும்பி, தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்:

“எடுக்கறதுதான் தப்பு. ஏத்தறது தப்பில்ல. கால்ல கெடக்கற மாலையெல்லாம் மாருக்கு ஏத்துங்க. பொன்னாடையயும் மேல போத்துங்க. முகம் மட்டும் தெரியட்டும்.”

நான்கு பெண்கள் எழுந்து வந்தார்கள். மாலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மேல் கால்மாட்டிலிருந்து மார்புக்கு ஏறின. ஒன்றும் எடுக்கப்படவில்லை. ஆண்கள் சேர்ந்து பெட்டியைத் தெற்கு நோக்கி ஒரு முழம் நகர்த்தினார்கள். தலை தெற்கிலேயே இருந்தது. கம்போங் குவாந்தானில் படகோட்டும் அண்டைவீட்டுக்காரர் தம் வீட்டிலிருந்து நிற்கும் மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார். நான் பெட்டியின் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பழைய பல்துலக்கி ஒன்றால் தகடுகளுக்கிடையில் இருந்த இதழ்களை மேலிருந்து கீழாக வாரி எடுத்தேன். சாமந்தி எளிதில் வந்தது. ரோஜா இதழ்கள் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

மீண்டும் ஓடவிட்டபோது முதலில் மெல்லிய குழாயைத்தான் தொட்டேன். சூடு, ஆனால் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. வெப்பமானி நாற்பத்தாறு காட்டியது. கம்ப்ரஸர் நிற்கவில்லை. நெடுநேரம் கழித்துப் பருத்த குழாயின் மேல் மெல்லிய வியர்வை படர்ந்தது. எண் பன்னிரண்டிலேயே நின்று, பிறகு பதினொன்று, பத்து என்று இறங்கத் தொடங்கியது.

“எறங்குது சார்!” என்றார் பெட்டிக்காரர், பந்தயத்தில் வென்றவர்போல. பிறகு, இடம் நினைவுக்கு வந்து, “எறங்குது சார்” என்று தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னார்.

சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் இப்போது ஒரு முழ இடம் இருந்தது. நான் அங்கேயே தரையில் அமர்ந்தேன். அதைக் கண்ட பெட்டிக்காரர் ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து தள்ளினார். “கீழ உட்காந்தா முட்டி போயிரும் சார்.” நான் இயந்திரத்தைக் காவல் காப்பதாக எல்லோரும் எண்ணினார்கள். மைத்துனர் அன்று மாலை முழுவதும் வந்தவர்களிடம், “அத்தான் பின்னால இருக்காரு, பெட்டியப் பார்த்துக்கறாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அந்த இடைவெளிக்குள் வரவில்லை. இரண்டு பேர் அமர அங்கே இடமும் இல்லை.

கம்பிச் சட்டத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று என் முழங்கால்களின்மேல் வந்துகொண்டிருந்தது. பழக்கத்தால் கணக்குப் போட்டேன். ஐம்பது கிலோ எடையுள்ள ஓர் உடல், முப்பது டிகிரி இறங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். அவ்வளவும் இந்தச் சன்னல் வழியாக இரண்டு நாட்களில் வெளியேறும். வரும் காற்றில் எது அவளுடையது, எது மோட்டாருடையது, எது கூடத்திலிருந்து கசிந்து உள்ளே போய்த் திரும்பியது என்று பிரித்தறிய எந்தக் கருவியும் இல்லை. கலந்தபின் பிரிக்க இயலாது என்பதை நானே நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் நிறுவியிருக்கிறேன். இருப்பினும் நான் அங்கிருந்து எழவில்லை. முன்பக்கம் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அவள் முகத்தைப் பார்த்துப் போனார்கள். இந்தப் பக்கத்தை யாரும் அறியவில்லை. யாருக்கும் நான் சொல்லவுமில்லை. நேரமாக ஆகக் காற்றின் வெதுவெதுப்பு குறைந்துகொண்டே வந்தது. இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

சனிக்கிழமை காலை எண் நான்கில் நின்றது. வெள்ளிக்கிழமை முழுவதும் அப்படியே நின்றிருந்தது.

மகள் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தாள். குளிர்நாட்டு மேலாடையைக் கழற்றவும் மறந்திருந்தாள். மாலைகளோடு சேர்த்து மூடியைத் தூக்கினார்கள். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

“அம்மா மாதிரியே இருக்காங்கப்பா” என்றாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒப்புக்கொண்ட வேலை முடிந்தது என்று எண்ணினேன்.

பிறகு அவள் குனிந்து தாயின் கன்னத்தைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள். போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பாதங்களைத் தொட்டாள்.

“ஏம்பா இவ்வளவு ஜில்லுனு இருக்காங்க?”

நான் பெட்டியின் மேலிருந்த எண்ணைப் பார்த்தேன்.

“கால் ஜில்லுனு இருந்தா அம்மாவுக்குத் தூக்கமே வராதேப்பா. ஆஃப் பண்ணுங்க.”

“இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா” என்றார் மைத்துனர். “அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு…”

“மாமா, ப்ளீஸ். ஆஃப் பண்ணச் சொல்லுங்க.”

அவள் மாமாவிடம் சொன்னாலும் என்னைத்தான் பார்த்தாள். பொறியியல் நோக்கில் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிடுவதே முறை. நான் பெட்டியின் பின்னால் போய்ச் சுவர்ச் சுவிட்சை அணைத்தேன்.

விசிறி சுழன்று ஓய்ந்தது. கம்ப்ரஸர் நின்றபின் குழாய்க்குள் மெல்லிய சீறல் ஒன்று சில நிமிடங்கள் கேட்கும். உயர்ந்த அழுத்தத்தில் இருந்தது தாழ்ந்த பக்கத்துக்கு வழிந்து, இரண்டும் ஒன்றாகும் ஓசை. அதன்பின் உள்சுருளுக்கும் வெளிச்சுருளுக்கும் வேறுபாடு இராது. கூடம் இருக்கும் வெப்பநிலைக்கே எல்லாம் மெல்ல மெல்ல வந்துவிடும். பழகிய காதுக்கு மட்டுமே புலப்படும் ஓசை அது. அதைக் கடைசிவரை கேட்டேன்.

முன்பக்கம் வந்தபோது மகள் கால்மாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தாயின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெரியம்மா தடுக்கவில்லை. எடுத்துப்போகும் நேரம் வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

பெட்டியின் கம்பிச் சட்டத்துக்கு முன்னால், மாலை படாதவாறு ஒரு கம்பி வளைவு அடித்துத் தருவதாகக் கோயில் மண்டபத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். அளவு எடுத்தாயிற்று, அடிக்கவில்லை.

மூடியின் ரப்பர் விளிம்பு இரண்டு இடங்களில் வெடித்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

பெட்டியின்மேல் ஒட்ட ஒரு வரி எழுத வேண்டும். “இங்கே மாலை சாத்தாதீர்கள்” என்பது கடுமையாக இருக்கிறது. வேறு சொற்கள் அமையவில்லை.

மகள் டப்ளின் திரும்பியபின் கைப்பேசியில் எழுதிக் கேட்டிருக்கிறாள்: அணைத்த பிறகு அம்மாவின் கால் கொஞ்சமாவது சூடாயிற்றா, அப்பா? விடை எனக்குத் தெரியும். இன்னும் எழுதவில்லை.